இம்ப்ளான்ட் பல் வைக்க யோசிக்கிறீர்களா? பயங்களை வரிசையாகத் தீர்த்துக்கொள்ளுங்கள்

பல் போய் வருஷக்கணக்கில் ஆகியும் இம்ப்ளான்ட் பக்கம் போகத் தயங்குகிறவர்களைக் கேட்டால், வலி, வயசு, கண் பார்வை என்று ஏதாவது ஒரு காரணம் வரும். இவற்றுக்கெல்லாம் சுலபமாகவே பதில் உண்டு. ஆனால் சர்க்கரை, புகையிலை, ஈறு ஆகிய மூன்றைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. வைத்த பல் நிலைக்குமா என்பது பெரும்பாலும் இந்த மூன்றைப் பொறுத்தது. முதல் முறை யோசிப்பவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: என்ன வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில் மூன்று பாகம். தாடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கு மேல் வெளியே தெரியும் கேப். ஸ்க்ரூ பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. தடிமனும் 8 முதல் 13 மி.மீ. நீளமும் இருக்கும்.

உடம்பு இதை ஏற்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு இதன் வரலாறே பதில். ஸ்வீடனைச் சேர்ந்த ஆராய்ச்சி டாக்டர் பிரோனெமார்க் 1950களில் முயல் எலும்புக்குள் ஒரு டைட்டானியக் கருவியை வைத்து ஆராய்ந்தார். முடிந்தபின் கழற்றப் பார்த்தால் அது எலும்போடு பிணைந்துபோயிருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் வைத்த இம்ப்ளான்ட்கள், 2006-இல் லார்சன் இறக்கும்வரை உழைத்தன. டைட்டானிய அலர்ஜி மிக அரிது. எம்ஆர்ஐ எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை, டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஸ்கேன் அறையில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். வாயை ஒட்டிய படம் மட்டும் கொஞ்சம் மங்கலாக வரலாம்.

படி 2: ஸ்கேனைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்

மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்று இன்றும் பல வீடுகளில் சொல்கிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. இரண்டும் தனித்தனிப் பாதையில் மூளைக்குப் போகின்றன. உண்மையில் பக்கத்தில் இருப்பவை வேறு: மேல் கடைவாய்க்கு மேலே சைனஸ் அறை, கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு. இவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளக்கத்தான் சிபிசிடி என்ற 3டி ஸ்கேன்.

"எனக்கும் காட்டுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நரம்பின் பாதையை வண்ணக் கோடாக இழுத்து, ஸ்க்ரூவின் நுனி எங்கே நிற்கும் என்று திரையில் வைத்தே காட்டலாம். நடுவில் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். எலும்பு போதாவிட்டால் எலும்புத் துகள் வைத்து வளர்க்க வேண்டியிருக்கும். பல் எடுத்த இடத்தில் எலும்பு முதல் வருஷத்திலேயே நன்றாகச் சுருங்கிவிடுவதால், தள்ளிப்போட்டால் வேலையும் செலவும் கூடும்.

படி 3: உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பேன். சர்க்கரை இருந்தால் இம்ப்ளான்ட் கூடாது என்பது தவறு. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால்தான் புண் ஆறாமல் தொற்று வரும். அன்று காலை எடுத்த அளவு மட்டும் போதாது. மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அது 7-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 9, 10 என்று இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள், பல் காத்திருக்கும்.

சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, இம்ப்ளான்ட் பிடிக்காமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் அதை ஒரு பழக்கமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் டாக்டரிடமும் சொல்வதில்லை.

எலும்பு பலவீனத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது; இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

வயசு 70 தாண்டிவிட்டதே என்று ஒதுங்க வேண்டாம், மேல் வரம்பு கிடையாது. தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குத்தான் வைக்க மாட்டார்கள். ஈறில் ரத்தமோ சீழோ இருந்தால் அதற்குச் சிகிச்சை முதலில்.

படி 4: முழுத் தொகையை எழுதி வாங்குங்கள்

விளம்பரத்தில் வரும் விலை பல நேரம் ஸ்க்ரூவுக்கு மட்டும். ஸ்கேன், அபட்மென்ட், கேப், எலும்பு வளர்ப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். போன ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இம்ப்ளான்ட் வேண்டியதில்லை. ஒரு தாடை முழுக்கப் பல் இல்லாதவருக்கும் நான்கின்மேல் முழு செட்டைப் பொருத்த முடிகிறது. பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் நிலையான பல்), கழற்றி மாட்டும் செட் ஆகியவையும் நல்ல வழிகள்தான். ஆனால் பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டும்.

படி 5: வைக்கும் நாளும் அடுத்த ஒரு வாரமும்

மரத்துப்போக ஊசி போட்டபின் அதிர்வும் அழுத்தமும் தெரியும், வலி தெரியாது. பல் பிடுங்கியதைவிட இது லேசாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். வேறு மாதிரி சொல்லாவிட்டால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போங்கள். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ஆறிய கஞ்சி, தயிர்சாதம். காறித் துப்புவதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் வடியும். அதன் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், சீழ் அல்லது காய்ச்சல் வந்தால், ஊசியின் வேகம் இறங்கியும் உதடு மரத்தே கிடந்தால், உடனே போன் செய்யுங்கள்.

படி 6: காத்திருங்கள்

எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம். சிலருக்கு அன்றே கேப் போடுவதுண்டு, ஆனால் அது தற்காலிகம். அதில் கடிக்கக் கூடாது.

படி 7: அதன் பிறகும் கவனியுங்கள்

இம்ப்ளான்ட் சொத்தையாகாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், அதுவும் ஆரம்பத்தில் வலியே இல்லாமல். தினமும் இருவேளை பிரஷ், இடுக்குக்குச் சின்ன பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அப்புறம், சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார் இருக்கிறது, கல் கடிபட்டால் சட்டென்று உணர்த்துவது அதுதான். இம்ப்ளான்டுக்கு அந்த நார் கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாது என்பதால் நல்லி எலும்பு, கரும்பு, கெட்டி முறுக்கு ஆகியவற்றில் நிதானம் வேண்டும்.

கேப் லேசாக ஆடினால் இம்ப்ளான்டே போச்சு என்று பதற வேண்டாம். பல நேரம் உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், முடுக்கினால் சரியாகிவிடும். ஆனால் முடுக்கும் கருவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் வைத்த அன்றே இம்ப்ளான்ட் டப்பாவில் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயர், அளவு, லாட் எண் மூன்றும் அதில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஸ்டிக்கரை உங்கள் மெடிக்கல் ஃபைலில் ஒட்டி வையுங்கள். வேறு ஊருக்குக் குடிபோனால் அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.