முதல் 200 கி.மீ. சைக்கிள் பயணம்: உடம்பு கெஞ்சும்போது என்ன செய்வது?

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. விடியற்காலை ஐந்துக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈ.சி.ஆரில் கடப்பாக்கம் தாண்டிப் போய்த் திரும்பி, பாலாற்றுப் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். 134 கி.மீ. முடிந்திருந்தது, 66 பாக்கி. பாலத்தின் மேல் அடித்த எதிர்க்காற்றில் சைக்கிள் நகரவே மாட்டேன் என்றது. பாலம் தாண்டியதும் ஒரு சின்னக் கடை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு வண்டி அனுப்பச் சொல்லலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"காலைலேர்ந்து என்ன சாப்ட்ட தம்பி?"

ஏழு மணிக்கு இரண்டு வாழைப்பழம், அப்புறம் ஒரு டீ. சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டில் தயிர் சாதம் போட்டு, ஓரத்தில் ஊறுகாய் வைத்துக் கொடுத்தார். "மொதல்ல இத சாப்டு. போன அப்புறம் பண்ணிக்க."

சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் பெஞ்சில் சாய்ந்திருந்தேன். எழுந்தபோதும் அதே காற்றுதான், தொடையில் அதே வலிதான். ஆனால் போன் பண்ணும் எண்ணம் போயிருந்தது. மிச்ச 66 கி.மீ.யையும் மிதித்தே வந்து சேர்ந்தேன்.

மனசு விட்டுப்போச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது காலி வயிற்றின் வேலை. தூரப் பயணத்தில் வரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் பிடிபட்டால் ரோட்டோரத்திலேயே சரிசெய்துவிடலாம். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் "பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதி" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே இறங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஏன் 200?

நீண்ட தூர சைக்கிள்காரர்களுக்கு முதல் படி 200 கி.மீ. பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்ற நீண்ட தூரப் பயணங்கள் நம் ஊரிலும் நடக்கின்றன. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. எல்லாவற்றுக்கும் உச்சியில் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். இது 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது, இன்றைக்கு 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். இந்தப் பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

மிதிக்கும்போது சராசரி 20 கி.மீ. வேகம் இருந்தால் 200 கி.மீ.க்குப் பத்து மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரம் சாப்பிட, பஞ்சர் பார்க்க, மரத்தடியில் உட்கார. தாராளமான கணக்குதான். இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

படி 1: இரண்டு மாதம் ஒதுக்குங்கள்

வார நாட்களில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் மிதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம்: 40, 50, 65, 80 என்று ஏற்றி, ஐந்தாவது வாரம் 50-க்கு இறக்கி, பிறகு 100, 120. கடைசி வாரம் லேசாக 30. முழு 200-ஐயும் பயிற்சியில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 120-ஐ வலியில்லாமல் முடித்தவர் 200-ஐயும் முடிப்பார். சாப்பாடு, உடை, சீட் எதுவாக இருந்தாலும் இந்த ஞாயிறுகளில் சோதித்துவிடுங்கள். பயண நாளில் புதிதாக எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள், தின்று பார்க்காதீர்கள்.

படி 2: சைக்கிளை உடம்புக்குப் பொருத்துங்கள்

முதலில் சீட் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும், இடுப்பும் ஒரு பக்கம் சாயக்கூடாது. மிதிக்கும்போது முன்பாதத்தால்தான் மிதிப்பீர்கள் என்பதால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

சீட் மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று நினைத்து ஜெல் உறை வாங்குகிறவர்கள் நிறைய. ஒரு மணி நேரத்துக்கு அது சுகம். ஆறாவது மணி நேரத்தில் அந்த மெத்தை அமுங்கி, உட்காரும் எலும்புகள் தாங்க வேண்டிய எடையை நடுவில் உள்ள மென்மையான சதையின் மேல் ஏற்றிவிடும். கொஞ்சம் கெட்டியான, உங்கள் எலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட்தான் தூரத்துக்கு உதவும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்கள். அதற்குள் ஜட்டி வேண்டாம், அதன் தையல்தான் உரசிப் புண்ணாக்கும். தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து விநாடி மிதித்தால் ரத்தம் ஓடும்.

அடுத்தது கை. மாமல்லபுரத்தில் ஒருமுறை டீ கிளாஸை வாங்கினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் கிளாஸைத் தொடுவதே தெரியவில்லை. சூடும் தெரியவில்லை, கண்ணாடியின் வழவழப்பும் தெரியவில்லை. உள்ளங்கையின் வெளிப்பக்கமாகப் போகும் நரம்பு மணிக்கணக்காக ஹேண்டில்பாரில் அழுந்தினால் இப்படித்தான் ஆகும். மணிக்கட்டை நேராக வையுங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். அப்படியும் மரத்துப்போனால் ஹேண்டில்பார் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: முந்தின நாள்

இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப், ஒட்டுப் போடும் சாமான், ஆலன் சாவி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு, சில்லறையோடு ரொக்கம். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி, ஹெல்மெட். எல்லாவற்றையும் ராத்திரியே எடுத்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள்.

படி 4: முதல் 50 கி.மீ.யை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள்

விடியற்காலையில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, கால் துடிக்கும். யாராவது முந்திப் போனால் துரத்தத் தோன்றும். விட்டுவிடுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரி. கனமான கியரில் ஓங்கி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 75, 80 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். முழங்கால் கடைசிவரை உங்களோடு வர வேண்டுமே.

படி 5: பசிக்கும் முன் சாப்பாடு, உப்போடு தண்ணீர்

தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேகமான மிதிப்புக்குத்தான் காணும். மெதுவாகப் போனால் கொஞ்சம் நீளும், ஆனாலும் தீரத்தான் செய்யும். தீர்ந்தால் கால் சோர்வதற்கு முன்னாலேயே மூளை சோர்ந்துவிடும். எரிச்சல் வரும், அழுகை வரும், "நமக்கெல்லாம் இது எதுக்கு" என்று தோன்றும். அந்தக் கேள்வி வந்தால் அதற்குப் பதில் யோசிக்காதீர்கள், ஏதாவது தின்னுங்கள்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. அப்படியென்றால் நான் ஆறரை மணி நேரம் இரண்டே பழத்தில் ஓட்டியிருக்கிறேன்! முதல் முக்கால் மணி நேரத்திலேயே ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய்: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம். போன் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், பசி சொல்லும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். காலை டிபனுக்கு இட்லி அருமையான உணவு. பூரியும் வடையும் எண்ணெய், வெயிலில் வயிற்றிலேயே கிடந்து எதுக்களிக்கும். மதியத்துக்குத் தயிர் சாதத்தை விடச் சிறந்ததை நான் இதுவரை கண்டதில்லை: சோறு, தண்ணீர், உப்பு மூன்றும் ஒரே தட்டில்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது, தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துவிடும். கைவிரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல் எல்லாம் அதன் அறிகுறிகள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை அதில் போட்டிருக்கிறபடி முழு ஒரு லிட்டரில் கரையுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூடவே உப்புப் போட்ட மோரோ, ஒரு கடி ஊறுகாயோ சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

படி 6: காற்றோடும் வெயிலோடும் சண்டை போடாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்று. தெற்கே போகும்போது முதுகில் தள்ளும், "நான் இவ்வளவு பலசாலியா" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். 20 கி.மீ. வேகத்தில் போகிறவர்மேல் எதிரே 15 கி.மீ. காற்று வந்தால், உடம்பு 35 கி.மீ. காற்றைக் கிழிக்க வேண்டும். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. அந்த நேரத்தில் வேகமானியைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். கியரை இறக்கி, குனிந்து, 15-இல் போங்கள். கூட ஆள் இருந்தால் ஒருவர் பின்னால் ஒருவராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் வாருங்கள்.

வெயில் வேறு விஷயம், அதில் வீரம் காட்டக்கூடாது. பதினொன்றுக்குப் பிறகு தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். சுடும் வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று குழம்பினாலோ பயணம் அதோடு முடிந்தது. நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து, 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

படி 7: பஞ்சர்

வீட்டிலேயே நான்கைந்து தடவை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றினால் சுலபமாக வரும். டியூபை மாற்றுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் குத்தியது எது என்று தெரியாமல் புது டியூபைப் போடாதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டுப் போட்டு, இரண்டு கி.மீ.க்குள் மறுபடி இறங்கினேன். இரண்டாவது தடவை டயரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கண்ணுக்கு எதுவும் படவில்லை. கைக்குட்டையை உள்பக்கமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டி இழுத்தது. லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி, தலைமுடி கனம், வெளியே அரை மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பையில் ஒரு சின்ன இடுக்கியும் வைத்துக்கொள்கிறேன். கருவேல முள்ளும் இதே மாதிரிதான், முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும்.

படி 8: நிறுத்துவதா, தொடர்வதா?

தொடை எரிகிறது, பிட்டம் வலிக்கிறது, தோள் கனக்கிறது, அலுப்பாக இருக்கிறது. இவை எல்லாம் வரும், போகும். முழங்காலில் ஊசி குத்துவது போல ஓரிடத்தில் வலி வந்து, சீட்டைச் சரிசெய்தும் மிதிக்க மிதிக்கக் கூடினால் நிறுத்துங்கள். நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் பேச்சே இல்லை, அங்கேயே இறங்குங்கள்.

மற்ற நேரங்களில் எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். எதையாவது சாப்பிட்டு, உப்புத் தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் நிழலில் இருந்த பிறகுதான் வீட்டுக்குப் போன். அதற்கு முன் முடிவு எடுப்பதில்லை. மிதிக்கும்போதும் "இன்னும் 66" என்று நினைப்பதில்லை. பாலாற்றிலிருந்து கல்பாக்கம், கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து கோவளம். அடுத்த ஊர் மட்டும்தான் கணக்கு.

கடைசி 45 கி.மீ.

மாமல்லபுரம் தாண்டினால் ஞாயிறு சாயங்காலக் கூட்டம் முழுக்கச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். உங்கள் கவனம் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் வண்டிகள் மிக அதிகம். இருட்டும் முன்பே விளக்குகளைப் போடுங்கள். முட்டுக்காட்டுக்கு முன் ஒரு இடத்தில் நின்று, பசி இல்லாவிட்டாலும் ஒரு பழம் சாப்பிட்டு, முகம் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். சேர்ந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு. தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம், யாரையாவது வரச் சொல்லுங்கள். குளிக்கும்போது தொடை இடுக்கில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆறும்வரை சீட்டில் உட்காராதீர்கள். விரல் மரப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாள் காலையில், லேசான கியரில், ஒரு 15 கி.மீ. போய்விட்டு வாருங்கள்.