நிரல்மொழி உரிமத்தில் காப்புரிமையைச் சரிபார்ப்பது எப்படி

மூலநிரல் கையில் இருக்கிறது, உரிமமும் திறமூலம் (யாரும் பார்த்துப் பயன்படுத்தலாம் என்பது), அப்புறம் என்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதிய வரிகளைக் காக்கிறது. காப்புரிமையோ (பேட்டன்ட்) அந்த வரிகள் செய்யும் வேலையின் முறையைக் காக்கிறது. ஒரு வரிகூட நகலெடுக்காமல் எல்லாவற்றையும் புதிதாக எழுதியவர்மீதும் காப்புரிமை வழக்கு பாயும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

முதலில் மொழியை மூன்றாகப் பிரியுங்கள்: மொழியின் விதிகளைச் சொல்லும் விவரக்குறிப்பு, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் அதை ஓட்டும் ரன்டைமும், தயார்நிலை நிரல்கள் அடங்கிய நூலகங்கள். மூன்றுக்கும் ஒரே உரிமம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜாவாவில் நடந்ததைப் பாருங்கள். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அதன் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேவை ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது. கூகுள் ஆண்ட்ராய்டுக்கு அதை எடுக்காமல், டால்விக் என்ற தன் மெய்நிகர் எந்திரத்தையும் அப்பாச்சி ஹார்மனி என்ற வேறொரு திறமூல ஜாவா திட்டத்தின் நூலகங்களையும் வைத்துக் கட்டியது. அதனால் ஓப்பன்ஜேடிகே உரிமத்தின் பாதுகாப்பு அதற்கு அப்போது கிடைக்கவில்லை. சன்னை வாங்கிய ஆரக்கிள் 2010 ஆகஸ்டில் 7 காப்புரிமைகளையும் பதிப்புரிமையையும் காட்டி வழக்குப் போட்டது. விசாரணைக்கு வந்தவை 2 காப்புரிமைகள்தான். 2012 மே மாதம் மீறல் இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. ஏறத்தாழ 11,500 ஏபிஐ அறிவிப்பு வரிகளை (நூலகத்தை அழைக்கும் பெயர்களையும் வடிவத்தையும் சொல்லும் வரிகள்) பற்றிய பதிப்புரிமைச் சண்டைதான் 2021 ஏப்ரல் வரை இழுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் அதை நியாயமான பயன்பாடு என்று முடித்துவைத்தது.

அடுத்து, ரெப்போவின் (மூலநிரல் வைத்திருக்கும் களஞ்சியம்) மேல் அடைவில் லைசென்ஸ், காப்பியிங், நோட்டீஸ், பேட்டன்ட்ஸ் என்ற நான்கு பெயர்களையும் தேடுங்கள். கூகுளின் கோ மொழியில் பிஎஸ்டி என்ற திறமூல உரிமம் ஒரு கோப்பிலும், கூகுள் தரும் காப்புரிமை அனுமதி பேட்டன்ட்ஸ் என்ற தனிக் கோப்பிலும் இருக்கின்றன. முதல் கோப்போடு நிறுத்தினால் பாதி விஷயம் தப்பிவிடும்.

எம்ஐடி, பிஎஸ்டி என்ற சுருக்கமான திறமூல உரிமங்களின் வாசகத்தில் காப்புரிமை என்ற பேச்சே இல்லை. மறைமுக அனுமதி இருப்பதாக வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி ஒரு தயாரிப்பைச் சந்தைக்கு அனுப்புவது சரியல்ல. ஜிபிஎல் 3 தன் 11-ஆம் பிரிவில் அனுமதியை வெளிப்படையாகத் தருகிறது.

வரிவரியாகப் படிக்க வேண்டியது அப்பாச்சி 2.0 உரிமத்தின் 3-ஆம் பிரிவு. அனுமதி தருபவர்கள் பங்களிப்பாளர்கள் மட்டுமே. ஒரு வரிகூடப் பங்களிக்காத மூன்றாம் நிறுவனத்தின் காப்புரிமைக்கு அது கேடயம் ஆகாது. அவர்களின் பங்களிப்பும், அது சேர்ந்த மென்பொருளும் தொடும் உரிமைக்கோரல்களுக்கே (காப்புரிமை எதைத் தன்னுடையது என்கிறதோ அதைச் சொல்லும் வாசகங்கள்) அது பொருந்தும். நீங்கள் புதிதாகச் சேர்த்த வசதிக்கு நீளாது. அந்த மென்பொருள் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், அதற்காக உங்களுக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அன்றே முடிந்துவிடும்.

அனுமதி எப்போது முடியும் என்ற இந்த விதியின் அகலத்தை அளப்பது மிக முக்கியம். ஃபேஸ்புக் தன் ரியாக்ட் என்ற இணையப் பக்க நூலகத்துக்கு வைத்திருந்த பழைய விதிப்படி, ரியாக்டுக்குச் சம்பந்தமே இல்லாத காப்புரிமைக்காக ஃபேஸ்புக்மீது வழக்குப் போட்டாலும் அனுமதி போய்விடும். 2017 ஜூலையில், அப்பாச்சி உரிமத்தை வெளியிடும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதற்குத் தடை போட்டது. செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது. இப்படி உரிமம் மாறக்கூடும் என்பதால், பயன்படுத்தும் பதிப்பின் எண், தேதி, உரிமத்தின் முழு வாசகம் மூன்றையும் சேமித்துவையுங்கள்.

வெவ்வேறு உரிமங்களில் உள்ள நிரல்களைக் கலக்கும்போது இன்னொரு சிக்கல்: ஜிபிஎல் 2 மட்டும் என்று குறித்த நிரலோடு அப்பாச்சி 2.0 நிரல் சேராது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. காரணம் அப்பாச்சியின் காப்புரிமை அனுமதியை முடிக்கும் விதியும் இழப்பீட்டு விதியும். ரஸ்ட் மொழி எம்ஐடி, அப்பாச்சி இரண்டையும் தந்து எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்வது இங்கே கைகொடுக்கிறது: எம்ஐடியைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் வராது.

காப்புரிமையை மீறினீர்கள் என்று மிரட்டல் கடிதம் வந்தால் உடனே பதில் எழுதாதீர்கள். அலுவலக மின்னஞ்சலில் "ஆமாம், மீறியிருக்கிறோம்" என்று யாரும் எழுதவும் விடாதீர்கள். வேண்டுமென்றே மீறியதாக முடிவானால் அமெரிக்காவில் இழப்பீடு மூன்று மடங்குவரை போகலாம். வழக்கறிஞரை அமர்த்தி, அவருடன் காப்புரிமை எண்ணை எடுத்து எந்த நாட்டில் வழங்கப்பட்டது, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு முடிந்துவிட்டதா, பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காப்புரிமை ஆவணத்தின் சுருக்கத்தை விட்டுவிட்டு, சுதந்திர உரிமைக்கோரலின் (வேறொரு கோரலைச் சாராமல் தனித்து நிற்பது) ஒவ்வொரு கூறையும் உங்கள் நிரலோடு ஒப்பிடுங்கள். ஒரு கூறு இல்லையென்றாலும் நேரடி மீறல் பொதுவாக நிற்காது. வழக்கே தொடுத்துவிட்டால், அந்தக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மறுஆய்வு கேட்க, வழக்கு மனு உங்களிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் அவகாசம். அங்கே ஆதாரமாகச் செல்லுபடியாவது முந்தைய காப்புரிமைகளும் வெளியிடப்பட்ட ஆவணங்களும் மட்டுமே. எனவே தேதியோடு கூடிய பழைய கையேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் முதல் வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள்.