கொழும்பில் வீடு விற்கும்போது புரோக்கர் கொமிஷனைப் பேசி முடிப்பது எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு விற்கப் போகிறோம் என்று சொன்னால், புரோக்கர் வாயில் முதலில் வருவது "மூன்று வீதம்". பலர் அதை அரசாங்கம் வைத்த கட்டணம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். முத்திரை வரிக்குத்தான் அப்படி ஒரு கணக்கு உண்டு: விலையின் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், கட்டுவது வாங்குபவர், அதில் பேரம் கிடையாது. கொமிஷன் வெறும் வழக்கம். பேசினால் குறையும்.

6 கோடி ரூபாய் வீட்டுக்கு 3 வீதம் என்றால் 18 லட்சம், 2 வீதம் என்றால் 12 லட்சம். புரோக்கர் தனி ஆளாக இல்லாமல் வற் (பெறுமதி சேர் வரி) வரிக்குப் பதிந்த கம்பனியாக இருந்தால் கொமிஷனுக்கு மேல் 18 வீத வற் சேரும். அப்போது 18 லட்சம் 21 லட்சத்து 24 ஆயிரம் ஆகிவிடும். ஆகவே முதல் கேள்வியே "வற் சேர்த்தா, சேர்க்காமலா?" என்பதாக இருக்கட்டும். கடைசி நாளில் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காதவர்கள்.

பேச வேண்டிய நேரம்

முதல் ஆள் வீடு பார்க்க வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். ஆள் வந்து, விலையும் ஒத்துவந்த பிறகு கொமிஷனைக் குறைக்கப் போனால் காரியம் நடக்காது. அப்போது வாங்குபவர் இருப்பது புரோக்கர் கையில். அந்த ஆளை அடுத்த ஒழுங்கையில் உள்ள வீட்டுக்குக் கூட்டிப்போக அவருக்குப் பத்து நிமிஷம் போதும்.

பேசப் போகுமுன் ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள்: உறுதி (காணிப் பத்திரம்), நில அளவைப் படம், காணிப் பதிவகத்துப் பிரதிகள், மாநகர சபையின் தெருக்கோட்டுச் சான்றிதழ், வீட்டுவரி கட்டிய ரசீதுகள், அனுமதி பெற்ற கட்டடப் படம், குடியிருப்புக்கான இணக்கச் சான்றிதழ். தொடர்மாடி வீடு என்றால் பராமரிப்புப் பணம் பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். புரோக்கரின் பாதி அலைச்சல் பத்திரத்தில் உள்ள சிக்கலால்தான். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால் வங்கியின் சட்டத்தரணி உறுதியின் பழைய வரலாறு முழுவதையும் தோண்டுவார், அங்கே உடைந்துபோகும் வியாபாரங்கள் ஏராளம். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று மேசையில் எடுத்து வைத்தால், "வேலை குறைவு, கொமிஷனும் குறையட்டும்" என்று சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

எதைக் கொடுத்து எதைக் கேட்பது

வெறுமனே "குறையுங்கோ" என்றால் அரை வீதம் குறையலாம். அவருக்கு வேண்டிய ஒன்றைக் கொடுத்தால் அதற்கு மேலும் குறையும். அவருக்கு வேண்டியது தனியுரிமை, அதாவது அவர் ஒருவரே விற்றுக் கொடுக்கும் உரிமை. ஒரே வீட்டை ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து பேரும் இக்மன் என்ற விளம்பரத் தளத்தில் ஐந்து விலை போடுவார்கள், பார்ப்பவர் ஆகக் குறைந்ததிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். எனவே ஒருவருக்கு மட்டும் 60 நாள் கொடுத்து 2 வீதத்துக்குப் பேசலாம். அந்த 60 நாளில் படம் எடுப்பது, ஒன்லைன் விளம்பரம், ஞாயிறு பத்திரிகை விளம்பரம் எல்லாம் அவர் செலவு. ஆறு மாதத் தனியுரிமை கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் கைகட்டி இருக்கப்போவது நீங்கள்.

இன்னொரு வழி படிக் கணக்கு. நேர் வீதத்தில் ஒரு குறை உண்டு. 20 லட்சம் கூட்டி விற்றுக் கொடுத்தாலும் புரோக்கருக்குக் கூடுவது 60 ஆயிரம்தான். அதற்காக அவர் ஏன் இன்னும் ஒரு மாதம் அலைய வேண்டும்? வந்த விலைக்கு உங்களைச் சம்மதிக்க வைப்பதே அவருக்கு லாபம். அதனால் இப்படிப் பேசுங்கள்: 5 கோடி 60 லட்சம் வரை 1.5 வீதம், அதற்கு மேல் வரும் பணத்தில் 10 வீதம். 6 கோடிக்கு விற்றால் 8 லட்சத்து 40 ஆயிரமும் 4 லட்சமும் சேர்ந்து 12 லட்சத்து 40 ஆயிரம். மொத்தத்தில் 2 வீதத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் அந்த மேல் 40 லட்சத்துக்காக அவரும் பாடுபடுவார். அந்த 5 கோடி 60 லட்சம் போன்ற அடிவிலையை நீங்களாக ஊகிக்காமல் பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை எடுத்து வையுங்கள். புரோக்கரே அடிவிலை சொன்னால் அது தாழ்வாகத்தான் இருக்கும்.

"உங்கட கையில ஐந்தரைக் கோடி வந்தாச் சரிதானே, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்ற பேச்சுக்கு மட்டும் இணங்க வேண்டாம். அவர் ஆறேகால் கோடி சொல்லி வைப்பார், ஆட்கள் வரமாட்டார்கள், மூன்று மாதத்தில் "அந்த வீடு இன்னும் போகல்லையாம், ஏதோ பிரச்சினையாம்" என்று பேச்சு வந்துவிடும். விற்றாலும், வாங்குபவர் கொடுத்த உண்மை விலை உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

புரோக்கர் இரண்டு பக்கமும் கொமிஷன் எடுப்பாரா என்பதையும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்.

"தம்பி, வாங்குற ஆளிட்டயும் எடுப்பீங்கதானே?"

"ஒரு வீதம் எடுப்பம் ஐயா, அது வழமைதானே."

"அப்ப என்னிட்ட ஒன்றரை. மொத்தம் இரண்டரை வருது, நட்டமில்லை."

கோபப்பட வேண்டியதில்லை. அவர் சொன்ன கணக்கையே திருப்பிச் சொன்னால் போதும்.

எப்போது கொடுப்பது

வீதத்தைக் குறைத்துவிட்டு இதைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். புரோக்கர் அட்வான்ஸ் வாங்கிய அன்றே முழுக் கொமிஷனையும் கேட்பார். அன்று உங்கள் கையில் இருப்பது விலையின் 10 வீதம் மட்டும். வாங்குபவர் பின்வாங்கினால், கொடுத்த கொமிஷனைத் திருப்பி வாங்குவது பெரும்பாடு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துபவர்) முன் எழுதப்பட்டால்தான் செல்லும். வெள்ளைத் தாளில் எழுதிய அட்வான்ஸ் சீட்டை நம்பிக் கொமிஷன் கொடுப்பது அதனால்தான் ஆபத்து.

முழுப் பணமும் கைக்கு வந்த நாளில் கொடுப்பதே சரி. "உறுதி எழுதும் நாள்" என்று எழுதினால் போதாது. வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால் கையெழுத்து ஒரு நாளும் வங்கிக் காசோலை இன்னொரு நாளும் வரலாம். புரோக்கர் பிடிவாதம் பிடித்தால், நொத்தாரிசு உடன்படிக்கை அன்று கால் பங்கு, மீதி முழுப் பணம் வந்ததும் என்று இறங்கலாம். வாங்குபவர் அட்வான்ஸை இழந்தால் அதில் புரோக்கருக்குப் பங்கு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது

கொழும்பில் ஒரு புரோக்கருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். விற்று முடிந்ததும் "ஆளைக் காட்டினது நான்தான்" என்று இன்னொருவர் வந்து நிற்பார். ஆளைக் கூட்டி வருமுன் அவர் பெயரையும் நேரத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், முதலில் அனுப்பியவருக்கே உரிமை. உங்கள் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், ஏற்கெனவே கேட்டு வைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை விலக்குப் பட்டியலாக முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கும். காணியைக் கைமாற்றும் பத்திரம் இல்லாததால் இதற்கு நொத்தாரிசு தேவையில்லை, இருவர் கையெழுத்தும் சாட்சியும் போதும்:

"மேற்படி வீட்டை விற்றுக் கொடுப்பதற்கான கொமிஷன், வற் உட்பட, விற்பனை விலையில் 2 வீதம். முழு விலையும் உரிமையாளருக்குக் கிடைத்த பின்னரே அது செலுத்தப்படும். வேறு தரகர்கள் சம்பந்தப்பட்டால் இந்தத் தொகைக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளப்படும். தனியுரிமைக் காலம் இன்றிலிருந்து 60 நாள். அக்காலத்தில் தரகர் எழுத்தில் அறிவித்து அழைத்து வந்தவர், காலம் முடிந்து 3 மாதத்துக்குள் வாங்கினால் மட்டும் கொமிஷன் உண்டு. இணைத்துள்ள பட்டியலில் உள்ளவர்கள் வாங்கினால் கொமிஷன் இல்லை."

பணம் கொடுக்கும்போது வங்கி மூலம் கொடுத்து, அடையாள அட்டை இலக்கம் போட்ட ரசீது வாங்குங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன ஆதாய வரி இருக்கிறது. ஆதாயத்தைக் கணக்கிடும்போது தரகுக் கூலியைச் செலவாகக் கழிக்க அந்த ரசீது வேண்டும். இலங்கையில் வதிபவர் தன் பிரதான வீட்டை விற்றால், தொடர்ந்து மூன்று வருடம் சொந்தமாக வைத்து அதில் குறைந்தது இரண்டு வருடம் குடியிருந்திருந்தால் இந்த வரி இல்லை. டொரோண்டோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு வெள்ளவத்தை வீட்டை விற்பவருக்கு ரசீது கட்டாயம். அவர்களுக்கு இன்னொன்றும்: உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தைப் புரோக்கர் பெயரில் எழுத வேண்டாம், ஊரில் உள்ள சகோதரர் பெயரிலோ நம்பகமான சட்டத்தரணி பெயரிலோ எழுதுங்கள்.