அடியில் சிக்காத ஜிக்: ட்ரவுட் தூண்டிலில் என் அனுபவம்

நுவரெலியா மலைகளின் ஓடைகளுக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள். பாறையில் மோதி நுரைத்து ஓடும் குளிர்ந்த நீர்தான் அதற்கு உயிர். அந்தப் பாறைகள்தான் எனக்குத் தொல்லை. ஜிக் (ஈயத்தலை பொருத்திய தூண்டில் கொக்கி) இடுக்கில் மாட்டும், இழுத்தால் தங்கூசி நூல் அறும்.

முதலில் எடையைக் குறைத்தேன். ஒன்றரை கிராம் ஈயத்தலை இந்த ஓடைகளுக்குத் தாராளம். ஜிக்கின் கண் தலையின் மேற்புறம் இருப்பதால் கொக்கியின் முனை வானத்தைப் பார்த்தபடி இறங்கும். எடை குறைந்ததும் அது கல்லைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்தது.

உண்மையான மாற்றம் தூண்டில் தடியைப் பிடிப்பதில்தான் வந்தது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே நீர் வரும் மேற்பக்கமாகச் சரித்து எறிந்து, ஜிக்கை மடுவுக்குள் வரவிட வேண்டும். தடியின் நுனியை ஒரு சாண் உயர்த்தி, ஜிக் இறங்கும் வேகத்திலேயே நுனியையும் தாழ்த்துங்கள். மீன் பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும். தங்கூசி தொய்ந்திருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. வெடுக்கென்ற இழுப்பை எதிர்பார்க்காதீர்கள். தங்கூசி நீரைத் தொடும் புள்ளியையே பாருங்கள்: அது சட்டென நின்றாலோ பக்கவாட்டில் அரை அங்குலம் நகர்ந்தாலோ மணிக்கட்டை மட்டும் உயர்த்தினால் போதும்.

மழைக்குப் பின் நீர் கலங்கினால் கறுப்பு இறகு கட்டிய ஜிக்கையே விரும்புகிறேன். எந்த ஓடையில் எந்தத் தூண்டிலுக்கு அனுமதி என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.