தூளியிலிருந்து பாய்க்கு: குழந்தையை இரவில் தொடர்ந்து தூங்கப் பழக்கும் முறை

கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு எது என்பதை, இரவு ஒரு மணிக்குத் தூளியின் ஸ்பிரிங் கீச்சிடும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். என் இளைய மகள் ஆறரை மாதக் குழந்தையாக இருந்தபோது, ஆட்டும் வரை தூங்குவாள். கை ஓய்ந்து அந்தச் சத்தம் நின்ற இரண்டாவது நிமிடம் கண்ணைத் திறப்பாள். பசி, வயிற்று வலி, கண்ணேறு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மருத்துவரிடம் காட்டினோம், உடலில் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் இருந்தால்தான் தூக்கம் என்று நாங்களே அவளைப் பழக்கியிருந்தோம். அதை மாற்ற எங்களுக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்த முறையைத்தான் முதல் குழந்தை பெற்றவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

பெரியவர்களின் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கைக்குழந்தைக்கு ஒரு சுற்று 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் அரைகுறையாக விழிக்கிறோம். நாம் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுகிறோம், காலையில் அது நினைவிலும் இருப்பதில்லை. குழந்தையோ, தான் தூங்கப் போனபோது இருந்த ஆட்டமும் மடியும் மார்பும் இப்போது இல்லை என்று உணர்ந்தால் முழுவதுமாக விழித்து அவற்றைக் கேட்டு அழும். ஆகவே இரவு ஒரு மணிக்கு எழும் அழுகையைச் சரிசெய்ய வேண்டிய நேரம், குழந்தையைத் தூங்க வைக்கும் இரவு எட்டு மணி.

வயதும் முக்கியம். முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் தேவைப்படும். இரவு பகல் என்ற கணக்கும் உடலில் இன்னும் உருவாகியிருக்காது. அந்தப் பருவத்தில் எந்தப் பயிற்சியும் வேண்டாம், விழிக்கும்போது பால் கொடுங்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் நிறைந்து, எடை நன்றாக ஏறிவரும் குழந்தைக்கே இந்த முறை பொருந்தும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தாலோ எடை ஏறாமல் இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தூங்கினாலே இந்த வயதில் அது முழு இரவுத் தூக்கம்தான்.

முதல் படி: படுக்கும் இடம்

உங்கள் அறையிலேயே, ஆனால் உங்கள் படுக்கையில் அல்லாமல் தனியே, தரையில் பாய் விரித்து அதன்மேல் இறுக்கமாக மடித்த பருத்தி விரிப்பைப் போடுங்கள். கெட்டியான மெத்தை கொண்ட தொட்டிலும் சரியே. எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் பரிந்துரைத்த பிறகு, அந்நாட்டில் தூக்கத்தில் திடீரென நேரும் குழந்தை மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இலவம்பஞ்சுத் தலையணை, தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பஞ்சுப் பொம்மை எதுவும் அருகில் வேண்டாம். கழுத்தில் கட்டிய கருப்புக் கயிற்றை இரவில் கழற்றிவிடுங்கள். திருஷ்டிப் பொட்டு கன்னத்தில் இருந்தால் போதும் என்று நான் என் மாமியாரிடம் சமாதானம் சொன்னேன்.

கடலோரப் புழுக்கத்தில் ஸ்வெட்டரும் குல்லாவும் தேவையில்லை. ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிடரியில் கை வைத்துப் பார்த்து வியர்த்திருந்தால் அதையும் குறைக்கலாம். மின்விசிறி ஓடட்டும். கொசுவுக்கு வலைதான் நல்லது, சுருளின் புகை வேண்டாம். மாலையில் சாம்பிராணி காட்டுவது உங்கள் வீட்டு வழக்கமானால், குழந்தையை வெளித் திண்ணைக்கு எடுத்துச் சென்றுவிட்டுக் காட்டி, புகை முழுவதும் அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

இரண்டாம் படி: பகலைச் சரிசெய்தல்

நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று குழந்தை பகலிலேயே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும் என்பதால், குளியலை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு தூங்க விடாதீர்கள். காலையில் வாசல் தெளிக்கும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தைக் காட்டுங்கள்.

மூன்றாம் படி: மாலை வரிசை

ஏழு மணிக்கு வெதுவெதுப்பான நீரில் உடலைத் துடைத்தல், சட்டை மாற்றுதல், பால் கொடுத்தல், ஒரே ஒரு தாலாட்டு, விளக்கணைத்தல். தினமும் இதே வரிசையில், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நடக்க வேண்டும். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, ஆனால் அதே பாட்டு.

வெளிச்சத்தின் வலிமையை நான் அறிந்தது ஒரு பேரிடரில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது என் மூத்த மகனுக்கு எட்டு மாதம். அதன் பிறகு வெகுநாட்கள் மின்சாரம் இல்லை. ஆறரை மணிக்கே வீடு இருண்டுவிடும், தொலைக்காட்சியும் இல்லை. அதுவரை பத்து மணிக்குக் குறைந்து கண்ணயராதவன், மூன்றாம் நாளிலிருந்து ஏழரைக்கே தூங்கினான். மின்சாரம் திரும்பியது, தொடர்களும் திரும்பின, அவனுடைய பத்து மணியும் திரும்பியது. கூட்டுக் குடும்பத்தில் தொடரை நிறுத்தச் சொல்வது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். குழந்தை படுக்கும் அறைக் கதவைச் சாத்தி, ஜீரோ வாட் பல்பு ஒன்றை மட்டும் எரிய விட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

நான்காம் படி: தூளியை விடுவித்தல்

தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை மார்பில் பதிந்து மூச்சுப்பாதை குறுகலாம். துணி முகத்தில் மூடவும் வாய்ப்புண்டு. அதனால் கண்காணிக்க ஆளில்லாத இரவுத் தூக்கத்துக்கு அது ஏற்றதன்று. ஆனால் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் வீடே விழித்திருக்கும்.

முதல் மூன்று இரவுகள் தூளியிலேயே போடுங்கள், ஆனால் ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாக்கி, கண் சொருகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சிணுங்கினால் இரண்டு ஆட்டு ஆட்டி மறுபடி நிறுத்துங்கள். தூங்கிய பிறகு எடுத்துப் பாயில் கிடத்துங்கள். அடுத்த மூன்று இரவுகள் ஆட்டவே வேண்டாம். தூளித்துணியின்மேல் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையின் கனம் குழந்தைக்குத் தெரியும்படி அருகில் அமர்ந்திருங்கள். எங்களுக்குக் கடினமாக இருந்தது நான்காம் இரவுதான், நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஏழாம் இரவிலிருந்து நேரே பாய். கண் இன்னும் மூடாமல், கொட்டாவி விட்டுக் காதைத் தேய்க்கும் தருணத்தில் படுக்க வைத்து, மார்பில் மெல்லத் தட்டிக் கொடுங்கள். வீறிட்டு அழுதால் தூக்கித் தோளில் போட்டு, அழுகை அடங்கியதும், தூங்கிவிடும் முன்பே, திரும்பக் கிடத்துங்கள். ஒரே இரவில் ஏழெட்டு முறை இப்படித் தூக்கிக் கிடத்த நேரிடலாம். பத்தாம் இரவுக்கு மேல் தட்டுவதையும் குறைத்து, கையை மட்டும் வைத்து, பின்னர் கையையும் எடுத்துவிடலாம். தனி அறையில் அழ விட்டு நேரம் பார்த்து உள்ளே செல்லும் முறை ஒன்றும் உண்டு. பொதுச்சுவர் கொண்ட நம் தெரு வீடுகளில் முதல் பத்து நிமிடத்துக்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டிவிடுவார் என்பதால், நான் அதை முயன்றதில்லை.

ஐந்தாம் படி: நடு இரவில்

சத்தம் கேட்டதும் தூக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் படுத்தபடியே கவனியுங்கள். முனகலும் கால் உதைத்தலும் பல நேரங்களில் சுற்று மாறும் அடையாளம் மட்டுமே. உண்மையாகவே பசித்தால் பால் கொடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒருமுறை பால் கேட்பது இயல்புதான், அதை வலிந்து நிறுத்த வேண்டாம். பேச்சு, விளையாட்டு, கைப்பேசி வெளிச்சம் மூன்றும் கூடாது. நடு இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் புழுக்கத்தில் எந்தக் குழந்தையும் விழிக்கும். பனையோலை விசிறியைத் தலைமாட்டிலேயே வைத்திருங்கள்.

தூங்குவதற்காக வசம்பு உரைத்துப் புகட்டுவதும், சளி மருந்து கொடுப்பதும், ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பதும் ஆபத்தானவை. கனமாக ஊட்டினால் தூங்கும் என்று ஆறு மாதம் நிறையும் முன்பே கேழ்வரகுப் பால் தொடங்குவதும் தவறு.

காய்ச்சல், மூச்சிரைப்பு, வழக்கத்துக்கு மாறான குறட்டை, சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் விடியும் வரை காத்திருக்கவே கூடாது.

பல் முளைக்கும்போதும், பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் பழக்கம் கலையும். எங்களுக்கும் கலைந்தது, பாட்டி வீட்டில் நான்கு நாட்கள் ஏணையில் ஆடிவிட்டு வந்தவள், முதல் இரவே கொக்கியைப் பார்த்துக் கை நீட்டினாள். அப்போது தொடக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. கையின் கனத்தை மட்டும் வைக்கும் கட்டத்திலிருந்து, இம்முறை பாயிலேயே, மறுபடி தொடங்கினோம். மூன்றாம் இரவில் சரியாயிற்று. ஊருக்குப் போகும்போது அவள் படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் எடுத்துச் செல்வதை அதன்பிறகு வழக்கமாக்கிக்கொண்டோம்.