நாற்பதை நெருங்கும்போது சேல்ஸுக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்த்தவன் நான். மெஷின்களுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரை விற்க வருகிறவர்களை செக்யூரிட்டி ரூமில் அரை மணி நேரமாவது உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவேன். வேண்டுமென்றே செய்ததில்லை, வேலை அப்படி. 39 வயதில் அதே கம்ப்ரஸரை விற்கும் வேலைக்கு மாறினேன். முதல் நாள் சோமனூர் பக்கம் ஒரு மில் வாசலில், நோட்டில் பெயரும் வண்டி நம்பரும் எழுதிவிட்டு, 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. யாரைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாமல் வந்திருக்கிறேன். செக்யூரிட்டிக்காரர் எட்டிப் பார்த்து, "மெயின்டெனன்ஸ் சார்னு எழுதுங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

மில்லில் பெல்ட் அறுந்தால் மாற்றுவோம், மெஷின் ஓடும், அன்றைய வேலை முடிந்தது. எல்லாம் நம் கையில். சேல்ஸில் வேலை முடிவது எப்போதும் இன்னொருவர் கையில். நடுவயதில் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த ஒன்றைப் பழகிக்கொள்ள மனசு வராததால் வருகிறவை. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் கையில் அதற்கு முன் எதுவும் இருந்ததில்லை.

சம்பளத்தைத் தப்பாகப் படிப்பது

என் ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 9 லட்சம் என்று போட்டிருந்தது. வீட்டில் அந்த எண்ணைத்தான் சொன்னேன். தப்பு அங்கேயே ஆரம்பம். உள்ளே 60:40 என்று பிரித்திருந்தார்கள். ஃபிக்ஸட் 5,40,000. மாதம் 45,000, பிடித்தம் போகக் கைக்கு வந்தது 41,000. மீதி 3,60,000 இன்சென்டிவ். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டார்கெட்டில் 80 சதவீதம் தொட்டால்தான், அதுவும் பணம் வசூலான பில்லுக்கு மட்டும். கம்ப்ரஸர் மாதிரியான சாமான், முதல் சந்திப்பிலிருந்து ஆர்டராக மூன்று மாதமாவது பிடிக்கும். பணம் வர இன்னும் இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் நம்ம அலுவலகத்தில் கணக்குப் பார்த்துப் போடும் நாட்கள். ஆக முதல் இன்சென்டிவைக் கண்ணில் பார்க்க எட்டு ஒன்பது மாதம்.

வீட்டுச் செலவு, வீட்டுக் கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 58,000. அப்படியென்றால் மாதா மாதம் 17,000 துண்டு விழும். ஒன்பது மாதத்துக்கு 1,53,000. இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் ராஜினாமா கடிதம் எழுத வேண்டும். நான் வைக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் போனது. அந்தப் பதற்றத்தோடு போய் நின்றால் எதிரில் இருப்பவருக்கு வாடை அடித்துவிடும். "இந்த மாசமே முடிச்சுக் கொடுங்க சார்" என்று கெஞ்சுகிறவனிடம் யாரும் முழு விலை கொடுப்பதில்லை.

இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதே ஏரியாவைப் பார்த்தவர் போன வருடம் எவ்வளவு இன்சென்டிவ் வாங்கினார், ஏன் போனார்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த 40 சதவீதத்தை மறந்துவிட்டு ஃபிக்ஸடை மட்டும் வைத்து முடிவு பண்ணுங்கள். பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கா, மாதம் இவ்வளவு என்று கட்டிக் கொடுப்பதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வேலையை விடும் தேதியையும் பார்க்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்க 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற 15/26 கணக்கில் 5 வருடத்துக்குச் சுமார் 86,500 ரூபாய். நாலரை வருடத்தில் மேனேஜரோடு சண்டை போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஃபிக்ஸடே இல்லாமல் கமிஷன் மட்டும் தருகிறோம் என்று சொல்லி, முதல் நாளே தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் ஐம்பது பேர் பெயரை எழுதச் சொல்லும் இடங்கள். அங்கே வாடிக்கையாளர் நீங்களும் உங்கள் சித்தப்பாவும்தான். பட்டியல் தீர்ந்ததும் உங்கள் வேலையும் தீர்ந்துவிடும்.

தெரிந்தவர்கள் என்ற கணக்கு

"எனக்கு நூறு மில்லுல ஆள் தெரியும்" என்று சொல்லித்தான் நானும் வேலை வாங்கினேன். தெரியும்தான். ஆனால் அவர்கள் போன் எடுத்தது நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு. இந்தப் பக்கம் வந்து கூப்பிட்டபோது பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் சிலர், பழகிய மனுஷன் என்பதால் விலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பழைய மில்லுக்கே முதலில் போனது அதைவிடப் பெரிய தப்பு. பர்ச்சேஸில் இருந்தவர் எனக்கு ஆர்டர் கொடுத்தால் வெளியே என்ன பேசுவார்கள் என்று பயந்து, வேண்டுமென்றே வேறு கம்பெனிக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் ஆறு மாதம் முகம் தெரியாத இடங்களில் பழகிவிட்டு, தெரிந்தவர்களிடம் அப்புறம் போகலாம். அதற்குள் நமக்கும் விற்கத் தெரிந்திருக்கும்.

தெரிந்ததையெல்லாம் கொட்டுவது

டெக்னிக்கல் ஆட்கள் எல்லோரும் விழும் குழி இது. பல்லடம் பக்கம், காற்றைப் பாய்ச்சி நெய்யும் ஏர்ஜெட் தறி போட்டிருந்த ஒரு முதலாளி. கம்ப்ரஸர் ரூமுக்குள் போனதுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காற்றழுத்தம் 6 பார் போதுமான இடத்தில் 7 பாரில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பார் கூடினால் மின்சாரம் சுமார் 7 சதவீதம் கூடும். பைப் லைனில் மூன்று இடத்தில் லீக்கேஜ் சத்தம் காதிலேயே கேட்டது. உட்கார வைத்து நாற்பது நிமிடம் விளக்கினேன். கம்ப்ரஸரின் ஆயுள் முழுக்க ஆகும் செலவில் மெஷின் விலை சின்னப் பங்குதான், கரன்ட் பில்தான் பெரியது என்று பேப்பரில் கணக்கே போட்டுக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டீ வந்தது. கடைசியில் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி, ஞாயித்துக்கிழமை ராத்திரி நின்னு போச்சுன்னா யார் வருவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. சர்வீஸ் ஆள் எத்தனை பேர், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று நான் எங்கள் அலுவலகத்தில் கேட்டதே இல்லை. அந்த ஆர்டர், திருப்பூரிலேயே சர்வீஸ் ஆள் வைத்திருந்த கம்பெனிக்குப் போனது.

இதில் வெட்கம் என்னவென்றால், மெயின்டெனன்ஸில் பதினான்கு வருடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்ததும் மறந்துவிட்டது. நான் அவருக்கு மெஷின் விற்கப் போகவில்லை, எனக்குத் தெரியும் என்று நிரூபிக்கப் போயிருக்கிறேன். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அவரைப் பேச விட்டிருந்தால், இப்போதிருக்கும் மெஷின் போன தீபாவளிக்கு முந்தின நாள் நின்று போய் டெலிவரி தவறிய கதையை அவரே சொல்லியிருப்பார். அது பின்னால் வேறொருவர் மூலம் என் காதுக்கு வந்தது.

முதலாளியை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் இதோடு சேர்ந்த தவறு. ஒரு மில்லில் ஆர்டர் விழ ஐந்து பேர் தலையாட்ட வேண்டும்: மெஷினை ஓட்டுகிற ஃபிட்டர், மெயின்டெனன்ஸ், பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ், முதலாளி. இன்ஜினியராக இருந்தவர்கள் ஃபிட்டரைத் தாண்டிப் போய்விடுவார்கள். "இந்த மெஷின் ஃபில்டர் மாத்தவே ஒரு மணி நேரம் ஆகுமாமே" என்று அவர் ஒரு வார்த்தை போட்டால் போதும், உங்கள் கொட்டேஷன் அடியில் போய்விடும்.

மேஜைக்குப் பின்னால் ஒளிவது

என் முதல் மூன்று மாதக் கொட்டேஷன்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அட்டை, படம், ஒப்பீட்டு அட்டவணை என்று ஒவ்வொன்றும் பதினொரு பக்கம். எக்ஸலில் நிறம் நிறமாக லீட், அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்கள், பட்டியல். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு இருக்கும், ஆனால் ஒரு ஆளையும் பார்த்திருக்க மாட்டேன். கொட்டேஷன் போடுவது என் கையில் இருந்தது, அதனால் அதையே செய்துகொண்டிருந்தேன். கூப்பிட்டால் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார்களே என்ற பயத்தில் போனைத் தொடவில்லை.

'தொந்தரவு என்று நினைப்பாரோ' என்ற தயக்கம் வயதோடு வருகிறது. இதற்கு எனக்கு உதவியது ஒரு சின்ன வழக்கம். எந்தச் சந்திப்பிலிருந்தும் அடுத்து எப்போது கூப்பிடலாம் என்று கேட்காமல் எழுந்திருப்பதில்லை. "புதன்கிழமை நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்று அவர் வாயாலே சொல்லிவிட்டால், புதன்கிழமை கூப்பிடுவது தொந்தரவில் சேராது.

விலையைத் தானே குறைப்பது

எதிரில் இருப்பவர் பேசாமல் கொட்டேஷனையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதி தாங்காமல் நாமே "வேணும்னா ஒரு அஞ்சு பர்சென்ட் பார்க்கலாம் சார்" என்போம். அவர் கேட்கவே இல்லை! 100 ரூபாய் சாமானில் கம்பெனிக்கு நிற்பது 20 ரூபாய் என்றால், 5 ரூபாய் விட்டதும் லாபத்தில் கால் பங்கு போய்விட்டது. அதே லாபத்தைப் பிடிக்க மூன்று மெஷின் விற்கிற இடத்தில் நான்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கை மேனேஜர் எனக்குப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து, கொட்டேஷனை நீட்டியதும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கப் பழகிக்கொண்டேன். வாய் அடைபட்டிருக்கும்.

வாய்வார்த்தையாக விலை சொல்லும்போது "ஜிஎஸ்டி தனி" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 'ஆறு லட்சம்' என்று ஒரு முறை சும்மா சொல்லிவிட்டு, எல்லாம் சேர்த்துத்தான் என்று அவர் பிடித்துக்கொண்டதில் 18 சதவீதம், அதாவது 1,08,000 ரூபாய்க்குப் பஞ்சாயத்து நடந்தது.

ஆர்டரோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்த அன்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பணம் வந்தது 94-ஆவது நாள். பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் ஒப்பந்தம் என்னவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 60, 90 என்று பேசிக்கொள்வதுதான் வழக்கம். கலெக்‌ஷனை அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் அவுட்ஸ்டாண்டிங், அதாவது வர வேண்டிய பாக்கி, ஏறும், அடுத்த மெஷினை டெஸ்பாட்ச் பண்ண மாட்டார்கள், இன்சென்டிவும் நிற்கும்.

பணம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை யாரும் டிரெயினிங்கில் சொல்லித்தருவதில்லை. கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டில் ஒரு டீலர் கடை. காலையிலேயே முடித்துவிடலாம் என்று ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றேன். அப்போதுதான் ஊதுபத்தி கொளுத்தி, கல்லாப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, அந்த செக்..." என்று ஆரம்பித்தேன். முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, இன்னும் போணிகூட ஆகலை, வந்ததும் வராததுமா பணத்தைக் கேக்கறீங்களே" என்றார். அந்த செக் வர இன்னும் இருபது நாள் ஆனது. போணிக்கு முன்னாலும், பல கடைகளில் செவ்வாய் வெள்ளியிலும் பணம் வெளியே போகாது. இப்போதெல்லாம் மதியம் மூன்று மணிக்குப் போகிறேன். போய் முதலில் ஸ்டாக் என்ன இருக்கிறது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பது.

செக் திரும்பி வந்தால் மட்டும் மரியாதை பார்க்காதீர்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம்தான் அது செல்லும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 'நல்ல மனுஷன், கொடுத்துடுவார்' என்று பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினால் கெடு தாண்டிவிடும். அன்றே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

மேனேஜர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். என் மேனேஜருக்கு அப்போது 29. "எங்க மில்லுல நாங்க..." என்று நான் ஆரம்பித்தாலே அவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒரு மாதம் கழித்து அவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு வாரம் சும்மா சுற்றினேன். எந்த மில்லில் எந்த நேரத்தில் போனால் கேட் திறக்கும், எந்த முதலாளி ராகு காலத்தில் கையெழுத்துப் போட மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அந்த ஒரு வாரத்தை வேலையில் சேர்வதற்கு முன்பே, நான்கு நாள் லீவு போட்டு, தெரிந்த சேல்ஸ்காரர் யாரோடாவது சுற்றிச் செலவழித்திருக்கலாம்.

பல்லடம் முதலாளி ஒன்றரை வருடம் கழித்துக் கூப்பிட்டார். மெஷின் வாங்க இல்லை. கரன்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, அன்றைக்கு ஏதோ லீக்கேஜ் என்றீர்களே, வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். நோட்டில் 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் ஃபிட்டர் பெயரை எழுதினேன்.