கபடியில் கரண்டை பிரண்டால் என்ன செய்வது?

பொங்கல் முடிந்த கையோடு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊர்ப் பொட்டலில் விளக்குக் கட்டி இரவுக் கபடி நடக்கும். பாடிப் போனவர் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுச் சட்டென்று திரும்புவார். அல்லது மூலையில் நிற்பவர் அவர் கரண்டையை, அதாவது கணுக்காலை, கவ்விப் பிடிப்பார். பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்பின் எடை முழுவதும் வெளிப்பக்க ஜவ்வின் மேல் இறங்கும். பெரும்பாலும் முதலில் கிழிவது வெளிக்கரண்டை எலும்புக்குச் சற்று முன்னால், கொஞ்சம் கீழே இருக்கும் ஜவ்வுதான்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். உட்காரவைத்து இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால் கோணியிருந்தாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றாலோ நேராக்க முயலாமல் அப்படியே அட்டையோ தலையணையோ அணைகொடுத்துக் கட்டி 108-ஐ அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் விரலால் எலும்பை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிக்கரண்டை, உள்கரண்டை இரண்டிலும் நுனியிலிருந்து பின்விளிம்பு வழியாக மேலே 6 செ.மீ. வரை அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில், நடுவில் புடைத்திருக்கும் எலும்பு. கடைசியாக உள்வளைவின் மேலிருக்கும் எலும்பு. இவற்றில் எங்கே அழுத்தி வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டியாவது நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரேதான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதி இது. எலும்பு முறிவை அநேகமாகத் தப்பவிடாது. குடித்திருப்பவரிடம் இந்தச் சோதனையை நம்ப முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் பகுதி இன்னும் இளசாக இருக்கும், அதனால் சந்தேகம் வந்தாலே படம் எடுத்துவிடுவது நல்லது.

இனிச் சொல்லப்போவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஊருக்கு ஒருவர் சுளுக்கு வழிப்பவர் இருப்பார். அன்றிரவே அவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு வழித்துவிடுவார்கள். அடிபட்ட ஜவ்வில் சிறு ரத்தக்குழாய்களும் அறுந்திருக்கும்; அவை அடைபடத் தொடங்கும் நேரத்தில் அழுத்தி வழித்தால் மறுபடி கசியும், காலையில் வீக்கம் இன்னும் ஏறியிருக்கும். உள்ளே விரிசல் இருந்தால் இழுத்துவிடுவதில் எலும்பு விலகிப்போகும். முதல் மூன்று நாள் வழிக்கவே கூடாது. சூடான ஒத்தடம், சாராயம் குடிப்பது இரண்டும் அதே கெடுதலைச் செய்யும். முட்டைப் பத்துப் போட்டு மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினால் வீக்கம் ஏற ஏறக் கட்டு நெரித்து ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். வீக்கம் வற்றிய பிறகு இதமாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை, ஆனால் பயிற்சிக்கு அது ஈடாகாது.

ஐஸை உடைத்து ஈரத்துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

கிரேப் பேண்டேஜ் 10 செ.மீ. அகலத்தில் வாங்குங்கள். பாதத்தை முழங்காலைப் பார்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, விரல்களின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றித் தொடங்குங்கள். அங்கிருந்து பாதத்தின் மேலே குறுக்காகக் கொண்டுபோய்க் கரண்டைக்குப் பின்னால் சுற்றி, மறுபடி குறுக்காக இறக்கி உள்ளங்காலுக்கு அடியில் வாங்குங்கள். எட்டு போட்டதுபோல் வரும். அடியில் போகும்போது துணி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வந்து மேலேற வேண்டும், அப்போதுதான் பாதம் மறுபடி உள்ளே மடங்காமல் நிற்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். குதிகாலில் இடைவெளி விட்டால் நீர் அங்கே வந்து தேங்கும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம். படுத்துக் காலுக்கு இரண்டு தலையணை கொடுத்து நெஞ்சைவிட உயரத்தில் வைக்க வேண்டும். திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் புசுபுசுவென்று வீங்கிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கக் கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து காலைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள், நாளைக்கு மூன்று தடவை. நல்ல கால் பக்கத்துக் கையில் தடி பிடித்து, வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம். ஒரு வாரம் பத்து நாளில் பழைய சைக்கிள் டியூபைத் தூணில் கட்டிப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுங்கள்: 15 தடவை, மூன்று சுற்று.

அதன் பிறகு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. இதை விட்டுவிடுவதால்தான் ஒரே கரண்டை திரும்பத் திரும்பப் பிரள்கிறது. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த ஜவ்வில்தான் இருக்கின்றன. வலி போனாலும் அந்தச் சேதி போவது தாமதமாகவே இருக்கும். முதலில் 30 விநாடி கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு மடித்த தலையணை மேல், கடைசியாக ஒருவர் பந்து போட அதைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

லேசான சுளுக்குக்கு ஒன்றிரண்டு வாரம், பாதி கிழிந்தால் 3 முதல் 6 வாரம், முழுக்கக் கிழிந்தால் 12 வாரம்கூட ஆகும். இது தோராயக் கணக்கு. கால்தான் தீர்மானிக்க வேண்டும். சுவருக்கு 10 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவு போக வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை 20 முறை தூக்குங்கள். ஒற்றைக்காலில் மூன்று தாவல் தாவி, மற்றக் கால் எட்டிய தூரம் வருகிறதா என்று பாருங்கள். எட்டு வடிவத்தில் வேகமாக ஓடுங்கள். நான்கும் வலியில்லாமல் வந்தால் முதலில் பயிற்சியில் பாடுங்கள், ஒரு வாரம் கழித்துப் போட்டி. அடுத்த ஓராண்டு ஆடும்போதெல்லாம் கரண்டைக்கு பிரேஸோ டேப்போ வேண்டும். இறுதிப் போட்டி வந்துவிட்டது என்று பத்தாம் நாளே இறக்கிவிடும் பொறுப்பாளர்கள் அந்தப் பையனின் அடுத்த பருவத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் செம்புராங்கல் சரளை கலந்திருக்கும். ஆண்கள் களம் 13 க்கு 10 மீட்டர். அதோடு சுற்றிலும் மூன்று மீட்டரையும் சேர்த்துக் கொத்திக் கல் பொறுக்கி, சலித்த மண்ணைப் பரப்புங்கள். போட்டி நாள் மதியமே தண்ணீர் தெளித்துவிடுங்கள். சாயங்காலம் தெளித்தால் இரவில் வழுக்கும். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் வெறுங்காலோடு மூலைக்கு மூலை நடந்து பார்த்து, கால் புதையும் குழிகளை மிதித்து நிரப்பட்டும். முந்தைய ஆட்டங்களில் பிடித்து உழுத மூலைகளில்தான் குழி விழும், இடைவேளைகளிலும் அங்கே ஒருமுறை பாருங்கள்.